சேற்றில் நடந்த நாலு பேர்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் பலகை என்னை உதறட்டும். பலகையில் மூட்டை சுமந்து பிழைத்தவன் அதன்மேல் சத்தியம் வைத்தால் மாற்ற மாட்டான். சந்தேகப்படுகிறவர்கள் சூலியா தெருவில் சீனி முகம்மதைப் போய்க் கேட்கலாம். அவர் இன்னும் இருக்கிறார். ஆனால் அந்த நாளைப் பற்றிக் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார். அதனால்தான் நான் எழுதுகிறேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுத வரும்.

விபவ வருஷம், மாசி மகம், ஞாயிற்றுக்கிழமை. ஒரு சித்திரையில் பட்டப்பகலில் சூரியன் மறைந்து கோழியெல்லாம் கூட்டுக்குள் போனதே, அதற்கு இரண்டு மாதம் முன்னால்.

அப்போது எங்களுக்குப் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற வேலை. கப்பல் அரிசி தொங்கான் என்கிற பாரப்படகில் கரைக்கு வரும். மூட்டையைப் பிடரியில் ஏற்றி, தொங்கானுக்கும் கரைக்கும் நடுவே போட்ட ஒற்றைப் பலகையில் நடந்து, கிட்டங்கியில் கொண்டு போய் இறக்க வேண்டும். பலகை ஒன்றரைச் சாண் அகலம். கீழே கடல். பிடரியில் மூட்டை இருக்கும்போது தலையைத் திருப்ப முடியாது. திருப்பினால் கழுத்து போய்விடும். ஒருவன் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் தண்ணீரில் விழுவார்கள்.

அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் போகிறவன் தலை. கடைசியில் வருகிறவன் வால். தலை திரும்பிப் பார்க்கக் கூடாது. "வாலு...!" என்று குரல் கொடுக்க வேண்டும். கடைசி ஆள் "வர்றேன்...!" என்பான். அந்தக் குரல் வந்துவிட்டால் நடுவில் இருக்கிற எல்லோரும் வருகிறார்கள் என்று அர்த்தம். தலை நடந்துகொண்டே இருக்கலாம்.

பதினொரு வருஷம் நான்தான் தலை. அந்தப் பதினொரு வருஷமும் நான் ஆட்களைக் கண்ணால் எண்ணியதில்லை. காதால்தான் எண்ணினேன்.

வால், வெள்ளையன். என் தங்கை பொன்னம்மையின் புருஷன். நல்ல சுமைக்காரன், ஆனால் வாய் சும்மா இருக்காது. "வாலு!" என்றால் வெறுமனே "வர்றேன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "வர்றேன் மச்சான், முன்னாடி ஒரு மாடு போகுது, அது பின்னாடியே வர்றேன்" என்பான். அவனுக்கு முன்னால் நடப்பவர் சீனி முகம்மது. தொங்கான் முழுக்கச் சிரிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. ஜெலுத்தோங் பக்கம் கடலோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அம்மன் கோயில். மாசி மகத்துக்கு அங்கே சாமி கடலாடும். காலையிலேயே நடந்து போய்ச் சேர்ந்தோம். நான், வெள்ளையன், எங்கள் கூட்டத்து வேலு, சீனி முகம்மது, கூடப் பொன்னம்மை. சீனி முகம்மதுக்குக் கோயிலில் வேலை இல்லை. அவருக்குப் பறவை பார்க்க வேண்டும். மாசி மாதத்தில் அந்தக் கரையில் எங்கிருந்தோ ஆயிரக்கணக்கில் பறவை வந்து இறங்கும். நீர் வற்றினால் அரை மைலுக்கு மேல் சேறு திறந்து கிடக்கும். அதில் கெராங் பொறுக்கலாம். சுட்டுத் தின்றால் அந்தச் சிப்பிக்கு ஈடு கிடையாது.

பொன்னம்மைக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தவறிப் போயிருந்தது.

"அண்ணே, ஒன்பது மணிக்குச் சாமி இறங்குது" என்றாள். "அவரு கையால தேங்காய் உடைக்கணும்னு வேண்டியிருக்கேன். இருட்டுறதுக்குள்ள கொண்டாந்து விட்டுருங்க."

"ஏன், உன் புருஷன் கைப்பிள்ளையா?"

"கெராங்கைக் கண்டா கைப்பிள்ளைதான்."

"நேத்து ராத்திரி கெராங் வேணும்னு மூக்கைச் சிந்துனது யாரு?" என்றான் வெள்ளையன்.

"கேட்டது நான் இல்ல. உள்ள இருக்கிறது."

"அப்படியா? உங்க அண்ணன் குடும்பத்துப் பிள்ளையாச்சே, தீனிக்குத்தான் வாய் திறக்கும்."

அவள் கையிலிருந்த பூவை அவன்மேல் எறிந்தாள். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். "கொண்டாந்து விடுறேம்மா. என் பொறுப்பு."

சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

சேற்றில் இறங்கும்போது மணி மூன்று இருபது. சீனி முகம்மது பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துச் சொன்னார். புதுக் கடிகாரம்.

"யாரு கேட்டா?" என்றான் வேலு.

"கேக்காட்டியும் சொல்லுவேன் லா. வாங்குனது எதுக்கு?"

அன்று முழுவதும் அவர் மணி சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால்தான் எனக்கு மணி மறக்கவில்லை.

முதலில் கண்டல் மரங்கள். வேரில் குரங்குகள் உட்கார்ந்து நண்டு பிடித்தன. அதைத் தாண்டினால் வெட்டவெளி. நடுவில் ஒரு ஓடை, பத்து அடி அகலம். முழங்கால் வரை இறங்கிக் கடந்தோம். அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் பறவையும்தான். கொக்கு, நாரை, உள்ளான். வழுக்கைத் தலையோடு பெருநாரை நாலைந்து, கோர்ட்டு வக்கீல் மாதிரி நின்றன. சீனி முகம்மது பிள்ளையைப் போல் வாய் பிளந்து பார்த்தார். வாரம் ஆறு நாளும் நாங்கள் பார்ப்பது முன்னால் போகிறவனின் குதிகாலை மட்டும்தான். அன்றைக்கு வானம் பார்த்தோம்.

ஐந்து ஐம்பதுக்கு உள்ளான் கூட்டம் ஒன்று வந்து எங்கள் அருகில் இறங்கியது. சேறே தெரியவில்லை, அவ்வளவு பறவை. ஆனால் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் மட்டும் ஒன்றும் இறங்கவில்லை. சுற்றி நின்ற பறவைகள் எல்லாம் அந்த இடத்தைப் பார்த்தே நின்றன.

"பறவை கொத்தாத இடம். கெராங் அள்ளலாம்" என்றான் வெள்ளையன்.

நடந்து போனான். பறவைகள் பறக்கவில்லை. விலகி வழி விட்டன. அவன் குனிந்து கையை விட்டான். கை நிறைய வந்தது. கால் மணி நேரத்தில் கூடை நிரம்பிவிட்டது. அவன் கூடை நிறைய... பிறகு என் கூடையும் நிறைய.

அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆறு நாற்பது. சூரியன் இறங்கிவிட்டது. கடல் பக்கம் கோடு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. நீர் திரும்பிவிட்டது.

"கெளம்பு" என்றேன்.

பழக்கம்தான். நான் முன்னால், பின்னால் வேலு, அப்புறம் சீனி முகம்மது, கடைசியில் வெள்ளையன். சேற்றிலும் பலகையில் நடப்பது போலத்தான். நின்றால் கால் புதையும். நடந்தபடியே இருக்க வேண்டும்.

"வாலு...!"

"வர்றேன் மச்சான்! கூடை கழுத்தை முறிக்குது. அடுத்த வாரம் நான் தலை, நீங்க வாலு!"

வேலு சிரித்தான். ஓடைக்கு வந்தோம். மாலையில் முழங்கால் இருந்த தண்ணீர் இப்போது தொடை வரை இருந்தது. அடியில் சேறு இளகியிருந்தது. கையை ஊன்றி அக்கரை ஏறினேன். பின்னால் தண்ணீர் கலங்கும் சத்தம். வேலு ஏறினான். சீனி முகம்மது ஏறினார். முனகிக்கொண்டே, "ஆறு ஐம்பது" என்றார்.

"இருட்டுது. ஆளுக்கு ஆள் தோளைப் பிடிங்க" என்றேன்.

வேலுவின் கை என் தோளில் விழுந்தது.

"வாலு...!"

"வர்றேன்."

நடந்தோம். கரையில் கோயில் விளக்குகள் தெரிந்தன. உறுமி மேளம் கேட்டது. டும்... டும்... டும். நூறு அடி போயிருப்போம்.

"வாலு...!"

"வர்றேன்."

கூடை கனத்ததால் கேலி பேச மூச்சில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. எனக்கு நெஞ்சு அடைத்தது. வேலு நாய் மாதிரி இரைத்தான்.

அந்தக் குரலில் இரைப்பே இல்லை.

காலையில் எழுந்து முகம் கழுவியவன் பேசுவது போல் இருந்தது.

மறுபடி கூப்பிட்டேன்.

"வாலு..."

"வர்றேன்."

அதே நீளம். அதே ஏற்றம். முன்னால் சொன்னதையே எடுத்து மறுபடி வைத்த மாதிரி.

சேற்றில் கால் எடுத்தால் சளக்கென்று சத்தம் வரும். நான் காதைக் கொடுத்தேன். என் கால், சளக். வேலு, சளக். அதற்குப் பின் சீனி முகம்மது, சளக்.

அதற்குப் பின்...

ஒன்றும் இல்லை.

என் கால். வேலு. சீனி முகம்மது. ஒன்றும் இல்லை.

வேலுவின் விரல்கள் என் தோளில் இறுகின. காதருகில் சொன்னான்.

"அண்ணே... மூணு பேரு கால் சத்தம்தான் கேக்குது."

"நட."

"அண்ணே..."

"நடடா."

இதைத்தான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். என் பிடரியில் அன்று மூட்டை இல்லை. இடுப்பில் ஒரு கூடை, அவ்வளவுதான். கழுத்து சும்மாதான் இருந்தது. திரும்பியிருக்கலாம்.

நான் திரும்பவில்லை.

முதலில் பழக்கம். பிறகு பயம். திரும்பினால் என்ன தெரியுமோ என்ற பயம். காலடியில் தண்ணீர் வந்துவிட்டது. குதிகால் நனைந்தது. பிறகு கணுக்கால். நின்றால் நாலு பேரும் புதைவோம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு பேரும் என்று.

"வா..."

"வர்றேன்."

நான் கூப்பிட்டு முடிக்கவில்லை.

சீனி முகம்மது வாய்க்குள் ஓத ஆரம்பித்தார். மணி சொல்லவில்லை. ஓதினார்.

நான் கூப்பிடுவதை நிறுத்தினேன்.

டும்... டும்... டும்.

"வர்றேன்."

யாரும் கூப்பிடவில்லை.

"வர்றேன்."

சீனி முகம்மதின் முதுகுக்குப் பின்னால் இல்லை அது. இன்னும் கிட்டே.

"வர்றேன்."

ஓடினோம்.

கண்டல் வேரில் கால் இடறி விழுந்தேன். கையில் கடினமான மணல் பட்டது. கரை.

திரும்பினேன்.

வேலு. சீனி முகம்மது.

அவ்வளவுதான்.

நிலா அப்போதுதான் கடலுக்கு அக்கரையில் மலைக்கு மேலே வந்திருந்தது. சேறு முழுக்கத் தெரிந்தது. ஒரு ஆள் இல்லை. ஒரு பறவை இல்லை.

"வெள்ளையன் எங்க?" என்று கத்தினேன்.

"என் தோள்ல கை இருந்துச்சு அண்ணே" என்றார் சீனி முகம்மது. "சத்தியமா இருந்துச்சு. ஓடை தாண்டுனதுலேர்ந்து இருந்துச்சு. இப்பத்தான் எடுத்துச்சு."

என் சட்டையில் வேலுவின் கை பட்ட இடம் கறுப்புச் சேறு. வேலுவின் தோளிலும் அப்படியே. சீனி முகம்மது வெள்ளை பனியன் போட்டிருந்தார். விளக்கில் காட்டிப் பார்த்தேன்.

தோளில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

மணி ஏழு இருபத்தைந்து. நானும் வேலுவும் திரும்பச் சேற்றில் இறங்கி ஓடினோம். இருநூறு அடி. ஓடையிலிருந்து தண்ணீர் வழிந்து பரவிக்கொண்டிருந்தது. வேலு இடுப்பு வரை புதைந்தான். நான் அவனை இழுக்கப் போய் நானும் புதைந்தேன். கோயிலில் இருந்தவர்கள் கயிறு போட்டு எங்களை இழுத்தார்கள். சாமிக்குக் கட்டியிருந்த பந்தல் கயிறு அது.

படகு இருந்தது. ஒன்றல்ல, மூன்று. மூன்றும் சேற்றில் சாய்ந்து கிடந்தன.

"ஒன்பதரை ஆவும் மிதக்க" என்றார் படகுக்காரர் அப்துல் காதர். "இப்பத் தள்ளுனா தரை தட்டும். நடக்கவும் ஆவாது, ஓட்டவும் ஆவாது. நான் என்ன செய்வேன், சொல்லுங்க."

அவர் மேல் குற்றம் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் அந்தக் கடலில் மனிதன் செய்யக்கூடியது ஒன்றும் கிடையாது. நான் கரையில் முன்னும் பின்னும் நடந்தேன். கையைப் பிசைந்தேன். பதினொரு வருஷம் மூட்டை தூக்கிய கை. அதற்கு அன்று வேலை இல்லை.

பொன்னம்மை வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எங்களை எண்ணினாள்.

"மேளத்தை நிறுத்துங்க!" என்று கத்தினேன். "ஒரு நிமிஷம் நிறுத்துங்க! கத்துறானான்னு பாக்கணும்!"

மேளம் நின்றது. ஏழு நாற்பது. முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். ஒருவர் இருமவில்லை. குழந்தைகள்கூட அழவில்லை. நீர் ஏறும் சத்தம் மட்டும். சர்ர்ர்... சர்ர்ர்...

நான் கடலைப் பார்த்து வாயில் கை குவித்தேன்.

"வாலு...!"

கடலிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"வாலு...!"

"வர்றேன்."

என் முதுகுக்குப் பின்னால்.

கரைப்பக்கம். கூட்டத்துக்குள் இருந்து.

முந்நூறு பேரும் திரும்பினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை. நிலவிலும் தீவட்டியிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவன் இல்லை.

பொன்னம்மை மட்டும் சிரித்தாள். "வந்துட்டாரு அண்ணே" என்றாள். "கேக்கலியா? வந்துட்டாரு." கூட்டத்துக்குள் புகுந்து தேடினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்க யாருக்கும் கை வரவில்லை.

அன்று சாமி இறங்கவில்லை. பத்து மணிக்குப் படகு போனது. அதிகாலை வரை சுற்றியது. வெறுமனே திரும்பியது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நீர் வற்றியதும் பார்த்தோம். ஓடையின் கடல்பக்கக் கரை. நெஞ்சு வரை சேற்றில், நின்றபடி இருந்தான். கரையைப் பார்த்து. வலது கை முன்னால் நீண்டிருந்தது. கூடை பக்கத்தில் கவிழாமல் இருந்தது. நிறையக் கெராங்.

ஓடையே தாண்டவில்லை அவன்.

வெட்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. எடுத்துக்கொண்டிருக்கும்போது, ஓடைக்கு அப்பால் கழிகள் நட்டு அதன்மேல் கட்டிய மீன் குடிசையிலிருந்து ஒரு சீனர் வந்தார். ஒரு பலகையில் முழங்காலை வைத்து, மற்றக் காலால் சேற்றைத் தள்ளித் தள்ளி வந்தார். அங்கேயே தங்கி வலை பார்ப்பவர். வெள்ளையன் முகத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் பேசியது சந்தை மலாய். சீனி முகம்மது கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னார்.

முந்தின நாள் பொழுது போனதிலிருந்து ஓடைப்பக்கம் ஒரு ஆள் கத்தினானாம். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப. வெகுநேரம். கரையில் மேளம் நின்றதே, அதற்குப் பிறகும் இரண்டு தடவை கத்தினானாம். அப்புறம் இல்லை.

"என்ன சொல்?" என்று கேட்டேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. யோசித்து, வாயைக் கோணி, காதில் விழுந்ததை விழுந்தபடி சொன்னார்.

"மச்சான்."

ஓடையிலிருந்து நாங்கள் இருபது அடி தூரத்தில் இருந்தபோதே அவன் கத்த ஆரம்பித்திருக்கிறான். நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எங்கள் காதில் விழுந்தது வேறு.

"உங்கிட்டப் பலகை இருந்துச்சே!" என்று அந்த மனிதரின் சட்டையைப் பிடித்தேன். "நீ போயிருக்கலாமே! ஏன் போகல?"

அவர் என் கையை விலக்கவில்லை. அழுதுகொண்டே ஏதோ சொன்னார். சீனி முகம்மது அதைக் கேட்டுவிட்டுக் கரையைத் திரும்பிப் பார்த்தார். நான் உலுக்கிய பிறகுதான் சொன்னார்.

"போறதுக்குப் பலகையை எடுத்துட்டாராம் அண்ணே. கரையில வெளிச்சம் இருந்துச்சாம், அதுக்கு எதிர நாம நடந்து போறது தெரிஞ்சுதாம். மத்தியானத்துலேர்ந்து நம்மளைப் பாத்திருக்காரு, நாலு பேருன்னு தெரியும். எண்ணிப் பாத்தாராம். ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நாலு பேரும் கரைக்குப் போறாங்க. அப்ப சேத்துல நின்னு கத்துறது மனுஷன் இல்லைன்னு... பலகையைக் கீழ வச்சுட்டு, கதவைச் சாத்திக்கிட்டாராம்."